தகராறும் தாவாவும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பேருந்து ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால், "என்ஜின் தகராறு" என்பார் நடத்துநர். முன்னிரவில் உண்டது செரிக்காதவர், "வயிறு தகராறு செய்கிறது" என்பார். ஆலை வாயிலில் பத்துப்பேர் கூடி உரத்துப் பேசினால், "அங்கே ஏதோ தகராறு" என்று சொல்லி நாம் ஒதுங்கி நடப்போம். பொறிக்கும் வயிற்றுக்கும் மனிதருக்கும் பொதுவாக வழங்கும் இச்சொல்லில் நாம் கவனியாத வேறுபாடு ஒன்று உண்டு. பொறி தகராறு செய்தால் அதனைத் திறந்து, பழுது எங்கே என்று தேடுகிறோம். வயிறு தகராறு செய்தால், உண்டது என்ன என்று கேட்கிறோம். மனிதன் தகராறு செய்தால் மட்டும் காரணத்தைத் தேடுவதில்லை. "தகராறு பேர்வழி" என்று அவனுக்கொரு பெயர் சூட்டி விட்டுவிடுகிறோம்.

இப்பெயர் எங்கிருந்து வந்தது? அது யாருக்குப் பொருந்தும்? யாருக்குப் பொருந்தாது? இவற்றைச் சற்றே ஆராய்வோம். இது வெறும் அகராதி ஆராய்ச்சியன்று. ஒரு மனிதனின் மீது ஒரு சொல் ஒட்டிக்கொண்டால், அவனது பிழைப்பும் மானமும் அச்சொல்லோடு போய்விடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஆதலின் இவ்வாராய்ச்சி நம் கடமையும் ஆகும்.

மீண்டும் மீண்டும்

"தகர்த்தல்" என்னும் தமிழ் வினையோடு ஒலி ஒத்திருத்தலால், தகராறு தமிழ்ச்சொல்லே என்று மயங்குவோர் உளர். உண்மையில் அது "தக்ரார்" என்னும் அரபுச் சொல். அரபியில் அதற்குச் சண்டை என்ற பொருளில்லை. "ஒன்றை மீண்டும் மீண்டும் சொல்லுதல் அல்லது செய்தல்" என்பதே பொருள். திருமறையை முறைப்படி ஓதக் கற்றவர்கள், "ரா" என்னும் எழுத்தின் தன்மையைக் கூறுகையில் "தக்ரீர்" என்னும் சொல்லைக் கேட்டிருப்பார்கள். நாவின் நுனி அதிர்ந்து திரும்பத் திரும்பப் படுதலை அது குறிக்கும். வட இந்திய மதரஸாக்களில் மாணவர்கள் மாலையில் கூடி, அன்றைய பாடத்தை ஒருவர்க்கொருவர் மறுபடியும் சொல்லிப் பார்ப்பதற்கும் "தக்ரார்" என்றே பெயர். அங்கே தக்ரார் செய்கிறவன் நல்ல மாணவன்!

நல்ல மாணவன் பெயர் கெட்டது எவ்வாறு? அரபுச் சொல் பாரசீகத்திலும் உருதுவிலும் நுழைந்தபோது, வாக்குவாதம் என்ற பொருளையும் ஏற்றது. வாதிடுவோர் இருவரும் தத்தம் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வர் அல்லவா? ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியில் பாரசீகம் அரசு மொழியாய் விளங்கிய காலத்தில் வக்கீல், அமீனா, ஜாமீன், ஜப்தி, வசூல், பாக்கி, ரசீது முதலான சொற்கள் தமிழில் குடியேறின. அக்கூட்டத்தோடு தகராறும் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் அதனை உருது வழிவந்த சொல்லாகவே காட்டுகிறது. அரபியில் மறுபடி சொல்லுதலாய் இருந்தது உருதுவில் வாதமாயிற்று. தமிழில் சண்டையும் பழுதும் ஆயிற்று.

இந்தப் பயணத்தில் ஓர் உண்மை புதைந்து கிடக்கிறது. ஒருவன் ஒன்றைக் கேட்கிறான்; கிடைக்கவில்லை. மீண்டும் கேட்கிறான், அப்போதும் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை கேட்கும்போது, "இவன் தகராறு செய்கிறான்" என்கிறோம். முதல் முறையே செவி சாய்த்திருந்தால் அவனுக்குத் தக்ராரும் இல்லை. நமக்குத் தகராறும் இல்லை.

ஒரு சட்டத்திற்கு மூன்று பெயர்கள்

இச்சொல் எங்கும் வழங்குவதாயினும், வடசென்னையின் துறைமுகத்தையும் ஆலைகளையும் சார்ந்து வாழ்ந்தோர்க்கு அது நாள்தோறும் பழகிய சொல். 1856 ஜூலை 1 முதல் ராயபுரத்திலிருந்து இரயில் ஓடத் தொடங்கிற்று. தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் அதுவே. பின்னர்த் துறைமுகம் எழுந்தது. அதற்கு வடக்கே ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை; அங்கேயே 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிப் பின்னர் டயர் தொழிலில் பெரும்பேர் பெற்ற எம்.ஆர்.எப்.; 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், அதுவே 1955இல் அசோக் லேலண்டு; திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார்சைக்கிள் ஆலை. காசிமேட்டு மீனவர் முதல் பழவேற்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர் வரை பல சமயத்தாரும் பல சாதியாரும் ஒரே ஆலைச் சங்கொலிக்கு எழுந்தனர். நம் குடும்பங்கள் பலவும் அவ்வொலிக்கு எழுந்தவையே.

அந்த ஆலைகளில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே எழும் வழக்குகளைத் தீர்க்க வகுக்கப்பட்ட சட்டம் 1947 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனைத் தமிழில் "தொழில் தகராறுகள் சட்டம்" என்றனர். "தொழிற் பூசல்கள் சட்டம்" என்று எழுதியோரும் உண்டு. தொழிற்சங்கத்தார் நாவில் அதுவே "தொழில் தாவா" ஆயிற்று.

இம்மூன்று பெயர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். "பூசல்" பழந்தமிழ்ச் சொல். பேரொலி, போர், அழுகை ஆகிய மூன்றையும் குறிப்பது. "தாவா"வோ தகராறைப் போலவே அரபு வழி வந்தது. "தஃவா" என்னும் மூலத்திற்கு உரிமை கோருதல், வழக்கிடுதல் என்று பொருள். ஒரே நிகழ்ச்சியை வெளியே நின்று கேட்பவர் பூசல் என்கிறார். அதனால் தொல்லைப்படுகிறவர் தகராறு என்கிறார். உள்ளே நின்று கேட்பவரோ தாவா என்கிறார். சொல்லைக் கேட்டதும், சொல்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது.

சட்டம் ஒன்றை மட்டும் தெளிவாய்ச் சொல்லிற்று. தகராறு என்பது இரு தரப்பாரிடையே நிகழ்வது. ஒருவனை மட்டும் "தகராறு பேர்வழி" என்று பிரித்துக் காட்ட அதில் இடமில்லை. 2020இல் நாடாளுமன்றம் அதற்கு மாற்றாகத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தை இயற்றியபோது, தலைப்பிலிருந்து தகராறு நீங்கி "உறவு" வந்து அமர்ந்தது. பெயர் மாறியதால் உறவு வளருமா என்பதைக் காலந்தான் சொல்லும்.

தூண்டியவர் யார்?

தாவாவைத் தகராறு என்று பெயரிட்டதற்கு ராயபுரத்திற்கு மேற்கே, பெரம்பூர்ப் பகுதியில் பழைய சான்று ஒன்று இருக்கிறது. அங்கிருந்த பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் பகல் உணவுக்கு விட்ட அரைமணி நேரம் போதவில்லை என்பது தொழிலாளர் குறைகளுள் ஒன்று. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அக்குறைகளைக் கேட்டு, பி.பி. வாடியாவிடம் சென்றனர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. இந்தியாவில் முறையாய் அமைந்த முதல் தொழிற்சங்கம் அது. திரு.வி. கலியாணசுந்தரனாரும் அதற்குத் துணை நின்றார்.

1920இல் ஆலையில் மோதல் முற்றியபோது, நிர்வாகத்தார் உயர்நீதிமன்றம் சென்றனர். தொழிலாளரை வேலைக்குத் திரும்பாதபடி தூண்டினர் என்பது சங்கத் தலைவர்கள் மீது சாட்டிய குற்றம். அவ்வாறு தூண்டலாகாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வாடியா பின்னர்ச் சங்கத்திலிருந்து விலகினார்.

"தூண்டுதல்" என்பது நல்ல தமிழ்ச்சொல். விளக்கின் திரி கருகி ஒளி குன்றும்போது அதனை மேலே தள்ளிவிடுவதே தூண்டுதல். அதற்குரிய கருவி தூண்டுகோல். எண்ணெயும் திரியும் இல்லாத விளக்கைத் தூண்டி எரிய வைக்க எவராலும் ஆகாது. அரைமணி நேரத்தில் உண்டு திரும்ப முடியாத பசி அங்கே முன்னரே இருந்தது. வாடியா அதனை உண்டாக்கவில்லை.

இந்த வழக்கு நாடெங்கும் எண்ணத்தை எழுப்பிற்று. 1921இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. தொழில் தகராற்றில் வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற காரணத்திற்காக மட்டும், பதிவுபெற்ற சங்கத்தின் மீது உரிமை வழக்குத் தொடர முடியாது என்று அச்சட்டம் காப்பளித்தது. 1920இல் குற்றமாய் நின்றது ஆறே ஆண்டில் உரிமையாயிற்று. செயல் மாறவில்லை, அதற்குச் சூட்டிய பெயர்தான் மாறிற்று.

துறைமுகத்திலும் இதே கதை. கப்பல் வந்தால் வேலை, வாராவிடில் பட்டினி. விடியுமுன் வாயிலில் கூடிய கூட்டத்திலிருந்து அன்றைக்கு வேண்டிய ஆட்களை மேஸ்திரிமார் பொறுக்கி எடுத்த காலம் அது. கூலியைப் பற்றி வாய் திறந்தவன் மறுநாள் பொறுக்கப்படவில்லையாயின், அவன் யாரிடம் முறையிடுவான்? 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, முறைப்படி வேலை பகிர்ந்து, கப்பல் இல்லாத நாளிலும் வந்து நின்றவனுக்கு ஏதேனும் கிடைக்க வழிசெய்யும் திட்டங்களுக்கு இடம் தந்தது. மேஸ்திரியின் விரல் நுனியில் இருந்த வாழ்வு பதிவேட்டுக்கு வந்தது, பலர் பல்லாண்டு திரும்பத் திரும்பக் கேட்ட பின்னரே.

பித்னா என்னும் உரைகல்

இனி நம் இல்லங்களிலும் பள்ளிவாசல்களிலும் வழங்கும் வேறொரு சொல்லுக்கு வருவோம். கலகம் மூட்டுகிறவனை நாம் "பித்னாக்காரன்" என்கிறோம். தகராறு என்பதைக் காட்டிலும் கடுமையான சொல் இது. மார்க்கத்தின் கண்டனமும் இதில் சேர்ந்திருக்கிறது.

பித்னாவின் மூலப்பொருள் என்ன? 1311இல் மறைந்த இப்னு மன்ளூர் தொகுத்த "லிஸானுல் அரப்" என்னும் பேரகராதி, பொன்னையும் வெள்ளியையும் நெருப்பிலிட்டு உருக்கி, நல்லதைத் தீயதினின்று பிரித்தறிதலை இச்சொல்லின் அடிப்படையாகக் காட்டுகிறது. அதிலிருந்து சோதனை என்ற பொருளும், மக்களைச் சோதனைக்குள்ளாக்கும் குழப்பம் என்ற பொருளும் கிளைத்தன. செல்வத்தையும் மக்கட்பேற்றையும் திருமறை பித்னா என்று சொல்வது சோதனை என்னும் பொருளிலேயாம். ஆக, பித்னா என்பது ஓர் உரைகல். அதில் உரைக்கப்படுவோர் இரு பக்கத்தாரும் ஆவர்.

இதற்கு ஒளி தரும் நிகழ்ச்சி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் உண்டு. நீர் சுமக்கும் ஒட்டகங்கள் இரண்டனோடு நாளெல்லாம் உழைத்துக் களைத்த ஒருவர், இருள் சூழ்ந்தபின் வந்து, முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் நடத்திய தொழுகையில் சேர்ந்தார். முஆத் (ரலி) அவர்களோ நெடிய அத்தியாயம் ஒன்றை ஓதலானார்கள். தாங்க மாட்டாத அவ்வுழைப்பாளி கூட்டுத் தொழுகையிலிருந்து விலகிச் சென்றார். முஆத் (ரலி) அவர்கள் தம்மைக் குறை கூறியது தெரிந்ததும், அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார்.

அன்று நாம் அங்கிருந்தால் யாரைப் பித்னாக்காரர் என்போம்? தொழுகையை விட்டு விலகியவரை என்போம். அறிஞர் ஒருவர்மீது புகார் கொண்டு சென்றவரை என்போம். பெருமானார் (ஸல்) அவர்களோ அச்சொல்லை மும்முறை முஆத் (ரலி) அவர்களை நோக்கியே கூறினார்கள். முதியோரும் பலவீனரும் வேலையுடையோரும் பின்னால் நிற்பதை எண்ணிச் சிறிய அத்தியாயங்களை ஓதுமாறு பணித்தார்கள். முஆத் (ரலி) அவர்கள் தீயவர் அல்லர். நபித்தோழர்களுள் சிறந்த அறிஞர். அவர்கள் செய்ததும் வணக்கமே. ஆயினும், உழைத்துக் களைத்தவன் தாங்க இயலாத சுமையை ஏற்றுவதே குழப்பத்தின் தோற்றுவாய் என்றும், சுமை பொறாது முறையிடுதல் குழப்பம் ஆகாது என்றும் அத்தீர்ப்பு நமக்குக் காட்டுகிறது.

"பஸாது" என்னும் சொல்லுக்கும் இவ்வாறே இரு முகங்கள். மூஸா (அலை) அவர்கள் நாட்டில் பஸாதை விளைவித்து விடுவார் என்று அஞ்சுவதாகக் கூறியவன் பிர்அவ்ன். அதே திருமறையில், பஸாது செய்வோருள் ஒருவன் என்று இறைவன் குறிப்பிடுவதும் அந்தப் பிர்அவ்னையே! அடிமைப்பட்ட மக்களை விடுவிக்கக் கேட்டவர்க்கு அரியணையிலிருந்தவன் இட்ட பெயர் ஒன்று. இறைவன் அரியணைக்கு இட்ட பெயர் ஒன்று.

சிண்டு முடிகிறவன்

அவ்வாறாயின் கலகம் செய்கிறவனே உலகில் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அவனை அடையாளம் காட்டத் தமிழ் மரபே ஒரு தொடரைத் தந்திருக்கிறது: "சிண்டு முடிந்து விடுதல்." இருவர் குடுமியை அவர்கள் அறியாமல் ஒன்றோடொன்று முடிந்துவிட்டால், ஒருவன் தலையசைக்க மற்றவனுக்கு வலிக்கும், இருவரும் அடித்துக்கொள்வர், முடிந்தவன் தொலைவில் நின்று வேடிக்கை பார்ப்பான்.

பெரம்பூரிலேயே அதன் கொடுமையையும் காணலாம். 1921இல் அதே ஆலைகளில் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளருட் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்ப, ஏனைய இந்துத் தொழிலாளரும் முஸ்லிம் தொழிலாளரும் வெளியே நின்றனர். கூலியைப் பற்றிய தாவா சாதிப்பகையாய் மாறிற்று. புளியந்தோப்பில் ஏழைகளின் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. எதிர்த்து நின்றவர்களுள் நம்மவரும் இருந்தனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. நேற்றுவரை ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள் ஒருவர் கூரையை ஒருவர் எரித்தபோது அது தாவா அன்று, அதுவே பித்னா.

எனவே வேறுபாட்டை அறிய நெடிய நூல்கள் வேண்டா. தாவா கேட்பவன் முன்னால் வந்து நிற்கிறான். தன் பெயரைச் சொல்லுகிறான். இன்னது வேண்டும் என்கிறான். அது கிடைத்தால் அமைதியாகிறான். சிண்டு முடிகிறவன் பின்னால் நிற்கிறான். பிறர் வாயால் பேசுகிறான். அவனுக்கு வேண்டுவது பொருளன்று, பகை. ஆதலின் எது கொடுத்தாலும் அமையான்.

இந்த உரைகல்லை ஆலைக்கும் துறைமுகத்திற்கும் மட்டும் வைத்துக்கொண்டு, நம் வீட்டுக்குக் கொண்டுவாராது விடுவோமாயின் பயனில்லை. தந்தை மறைந்த வீட்டில், திருமறையின் நான்காம் அத்தியாயம் வரையறுத்த தன் பங்கை மகள் கேட்கிறாள். முதல் முறை சிரித்து மழுப்புகிறோம். இரண்டாம் முறை, பிறகு பார்ப்போம் என்கிறோம். மூன்றாம் முறை கேட்டால், "குடும்பத்தில் பித்னா உண்டாக்குகிறாள்" என்கிறோம். மஹல்லாவின் பொதுப்பணத்திற்குக் கணக்குக் கேட்கும் இளைஞனுக்கும் இதே பட்டம் கிடைப்பதுண்டு. அவர்கள் செய்தது தக்ரார், கேட்டது தாவா. பித்னா என்ற பெயர் பொருந்துமாயின், அது கொடுக்க வேண்டியதைக் கொடாதவர்க்கே பொருந்தும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்தோர் மூச்சுத்திணறித் தெருவுக்கு ஓடிவந்தனர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அதே மாதத்தில்தான், புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, மீனவர் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியிருந்தது. அதன்பின் அவ்வூர் ஆண்களும் பெண்களும் நாட்கணக்கில் கூடி அமர்ந்து ஒரே கோரிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தனர்: எங்கள் மூச்சுக்குப் பாதுகாப்பு வேண்டும். நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னார்கள். இன்று சொன்னதையே மறுநாளும் சொன்னார்கள். அரபு அகராதி கூறும் பொருளில் அதுவும் தக்ராரே.

அடுத்த முறை, "அவர் தகராறு பேர்வழி" என்று எவரேனும் நம்மிடம் ஒருவரைச் சுட்டிக்காட்டினால், அவர் எத்தனையாவது முறையாகக் கேட்கிறார் என்பதை முதலில் விசாரிப்போம். என்ஜினுக்குக் காட்டும் அந்தப் பொறுமையை மனிதனுக்கும் காட்டுவோம்.